மூன்றரை வயது மார்வாரிக் கலப்புக் குதிரை: டிரெஸ்ஸாஜுக்கு உடலமைப்பு பார்ப்பது எப்படி?

அரசலாறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் சவாரி கற்றுக்கொண்டேன். அங்கேதான் டிரெஸ்ஸாஜ், அதாவது குதிரையை நுணுக்கமான அசைவுகளுக்குப் பழக்கி மதிப்பெண்ணுக்குச் சவாரி செய்யும் கலை, மனதுக்குப் பிடித்துப்போனது. பள்ளிக் குதிரைகளில் ஏறி ஆரம்பநிலைப் போட்டிகளில் கலந்துகொண்டிருக்கிறேன். இப்போது ஊருக்கே வந்துவிட்டேன். சொந்தமாக ஒரு இளங்குதிரை வாங்கி, அவசரப்படாமல் நானே பழக்க வேண்டும் என்பது ஆசை.

பட்டுக்கோட்டைப் பக்கம் எல்கைப் பந்தயக் குதிரைகள் வைத்திருக்கும் ஒருவரிடம் மூன்றரை வயதில் ஒரு ஆண் குதிரை விலைக்கு வந்திருக்கிறது. தாய் மார்வாரி, தகப்பன் தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) கலப்பு என்கிறார். செவலை நிறம், நெற்றியில் வெள்ளைக் கீற்று. காயடிக்கவில்லை. வண்டியில் இன்னும் பூட்டவில்லை, முதுகில் சேணம் மட்டும் வைத்துப் பழக்கியிருக்கிறார்கள்.

பார்க்கப் போனபோது கூட வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். இடது கண்ணுக்குக் கீழே சுழி இருக்கிறது, வீட்டுக்கு ஆகாது என்றார் ஒருவர். கழுத்தைப் பார், மயில் மாதிரி நிற்கிறது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றார் இன்னொருவர். சித்தப்பாவுக்கு அது பஞ்சகல்யாணியாக (நாலு காலும் முகமும் வெள்ளை) இல்லையே என்று வருத்தம். எனக்குக் கழுத்து பிடித்திருந்தது என்பது உண்மை. ஆனால் பிடித்திருப்பதும் பொருந்துவதும் ஒன்றா என்று தெரியவில்லை. டிரெஸ்ஸாஜை மனதில் வைத்து ஒரு இளங்குதிரையின் உடலை எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


வெண்ணாற்றங்கரை எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நல்ல கேள்வி. நம் பக்கத்தில் இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. பல வருடம் வெளியூரில் குதிரை பழக்கிவிட்டு இப்போது தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் டிரெஸ்ஸாஜ் குதிரையிடம் என்ன கேட்கிறது என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சும்மா நிற்கும் குதிரை தன் எடையில் 55 முதல் 60 சதவீதம் வரை முன்னங்கால்களில் தாங்குகிறது. தலையும் கழுத்தும் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் அது இயற்கை. மேலே ஆள் ஏறினால் முன்பாரம் இன்னும் கூடும். டிரெஸ்ஸாஜ் பயிற்சி முழுக்க அந்தப் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னங்கால்களுக்கு மாற்றுகிற வேலைதான். பியாஃபே (இருந்த இடத்திலேயே காலை மாற்றி மிதிப்பது), பசாஜ் (காலை உயர்த்தி மிதந்தாற்போல் ஓடுவது), பிரூவெட் (பின்னங்காலை மையமாக வைத்துச் சுழல்வது) எல்லாமே அந்த வேலையின் மேல்படிகள். ஆகவே உடலமைப்பைப் பார்க்கும்போது ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள்: இந்த உடம்பு பின்பக்கம் மடங்கி உட்கார்ந்து, முன்பக்கத்தைத் தூக்க வசதியாகப் படைக்கப்பட்டிருக்கிறதா?

இங்கேதான் கழுத்து நம்மை ஏமாற்றும். மார்வாரி, கத்தியவாரி என்ற நம் நாட்டு இனங்களுக்குக் கழுத்து மேலிருந்து கிளம்பும், தலையைத் தூக்கித்தான் நிற்கும். சந்தையில் கயிறு பிடிக்கிற ஆளும் தாடையை மேலே தள்ளிப் பிடித்தே நிறுத்துவான். பார்க்கிற எவருக்கும் அது ராஜநடைக் குதிரையாகத் தெரியும். ஆனால் தலை உயர்ந்திருப்பது வேறு, முன்பாகம் உயர்ந்திருப்பது வேறு. தலையைத் தூக்கிக்கொண்டு முதுகைக் குழித்து, பின்னங்காலைப் பின்னாலேயே விட்டுவிட்டு நடக்கிற குதிரை டிரெஸ்ஸாஜுக்கு நேர் எதிர்த்திசையில் போகிறது.

கழுத்தின் அடிப்பக்கம் பாருங்கள். அடித்தசை புடைத்து, மேல்தசை மெலிந்திருந்தால் அந்தக் குதிரை தலையைத் தூக்கியே வாழ்ந்திருக்கிறது. தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில் இடம் இருக்கிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். அந்த இடம் நெருக்கமாக இருந்தால், நாளைக்குக் கடிவாளத்தை ஏற்றுத் தலையை மடக்கச் சொல்லும்போது அதற்கு வலிக்கும், மூச்சும் முட்டும். முரண்டு பிடிக்கிறது என்று நாம் திட்டுவோம்.

அப்புறம் முழங்கை. இதை யாரும் பார்ப்பதில்லை. முன்னங்கால் உடம்போடு சேருகிற இடத்தில் முழங்கை எலும்பு இருக்கும், பின்னங்காலில் வயிற்றை ஒட்டி ஸ்டைஃபிள் மூட்டு இருக்கும். இரண்டின் உயரத்தையும் தரையிலிருந்து அளந்து பாருங்கள். முழங்கை கொஞ்சம் உயரமாக இருந்தால் முன்பாகம் ஏறுமுகமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று நம்பலாம். வித்தர்ஸ் (கழுத்து முதுகோடு சேரும் மேடு) உயரத்தையும் புட்டத்தின் உயரத்தையும் மட்டும் ஒப்பிட்டால் இளங்குதிரையில் தவறிப்போகும். வளரும் வயதில் பின்பக்கம் முதலில் ஏறும், பிறகு முன்பக்கம் எட்டிப்பிடிக்கும்.

மீதியை ஒரு நாள் அளந்துகொண்டு வந்து போடுங்கள், பேசலாம். நிறுத்திப் பார்க்க மண் தரை வேண்டாம். நெல் காயப்போடுகிற சிமெண்ட் களம் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. படம் எடுக்கும்போது போனைக் குதிரையின் வயிற்று உயரத்துக்குத் தாழ்த்தி, நேர் பக்கவாட்டில் நின்று எடுங்கள். தோள் உயரத்திலிருந்து சாய்த்து எடுத்தால் எல்லாக் குதிரையும் முன்பாகம் பெருத்துத்தான் தெரியும்.


எல்கைக்காரன் எழுதியது:

தங்கச்சி, நான் பந்தயக் குதிரை ஓட்டுகிறவன். டிரெஸ்ஸாஜ் எனக்குத் தெரியாது, கால் தெரியும். அண்ணன் மேலே சொன்னதில் தப்பில்லை, ஆனால் நான் கீழேயிருந்துதான் ஆரம்பிப்பேன். குளம்பு சரியில்லாத குதிரைக்கு மேலே எது இருந்தும் பிரயோஜனம் இல்லை. நம் மண் களிமண். ஐப்பசி, கார்த்திகையில் லாயமே ஈரமாகத்தான் கிடக்கும். அந்த ஈரத்தில் குளம்பு நடுவில் இருக்கும் தவளை என்கிற மெத்தைப் பகுதி அழுகி நாறும். வாங்கப் போகும்போது நாலு காலையும் தூக்கி, சாணத்தைச் சுரண்டி, மோந்து பாருங்கள். கறுப்பாகக் கசிந்து நாறினால் ஆள் சரியாகப் பராமரிக்கவில்லை என்று அர்த்தம். அது மட்டும் என்றால் குணமாக்கிவிடலாம். ஆனால் குதிங்கால் பக்கம் ஒடுங்கி, குளம்பு மேலிருந்து கீழே குறுகிப்போய் இருந்தால் யோசியுங்கள்.

கால் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் தூக்குக்குண்டு எடுத்துப் போங்கள். முன்னாலிருந்து தோள் முனையில் நூலைப் பிடித்தால் அது முழங்கால், கணுக்கால், குளம்பு மூன்றையும் நடுவில் பிளந்து இறங்க வேண்டும். பின்னால் புட்டத்து முனையிலிருந்து விட்டால் பின்னங்காலின் நடு மூட்டான ஹாக்கின் பின்முனையைத் தொட்டு, அதற்குக் கீழ் எலும்பை ஒட்டியே இறங்க வேண்டும். கால் நூலுக்கு முன்னால் வளைந்து உள்ளே போனால் அரிவாள் கால். நூலைத் தாண்டிப் பின்னாலேயே நின்றால் அந்தக் கால் வயிற்றுக்கு அடியில் வரச் சோம்பும்.

சுழி பற்றி ஒன்று. நான் சுழி பார்க்கிறவன்தான், மறைக்கவில்லை. எங்கள் அப்பா பார்த்தார், நானும் பார்க்கிறேன். கண்ணுக்குக் கீழே சுழி இருந்தால் நான் வாங்க மாட்டேன். ஆனால் காலுக்கும் சுழிக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு விற்க வேண்டி வந்தால் பாதிப்பேர் அந்தச் சுழியைப் பார்த்ததும் திரும்பிவிடுவார்கள், அதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.


கொள்ளிடம் மணல் எழுதியது:

சுழியை நம்பாதவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு என்பேன். கழுத்தில் தேவ்மன் என்கிற ராசிச் சுழி இருக்கிறது, நுக்ரா (வெள்ளை) நிறம், பஞ்சகல்யாணி என்று சொல்லி ஏற்றுகிற விலையில் ஒரு பைசாகூடக் குதிரையின் முதுகுக்கோ பின்னங்காலுக்கோ கொடுக்கப்படுவதில்லை. அந்தியூர்ச் சந்தையில் ஆடி மாதம் போய் நின்று பாருங்கள், கூட்டம் எதைச் சுற்றி நிற்கிறது என்று தெரியும். கண்ணுக்குக் கீழே சுழி இருப்பதால் விலை குறைந்திருக்கும் ஒரு நல்ல கட்டமைப்புள்ள குதிரை, டிரெஸ்ஸாஜ் ஆளுக்குக் கிடைத்த தள்ளுபடி.


அரசலாறு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். விற்பவர் நல்ல மனிதர், தூக்குக்குண்டு எடுத்துப் போனதைப் பார்த்ததும் அவரே உற்சாகமாகி, பக்கத்துக் களத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

வித்தர்ஸ் 58½ அங்குலம். புட்டம் 59. அதாவது வித்தர்ஸில் பதினான்கரைக் கைக்கு (ஒரு கை நான்கு அங்குலம்) மேல் அரை அங்குலம் கூடுதல். முழங்கை தரையிலிருந்து 33½, ஸ்டைஃபிள் 32½. தோளின் சாய்வைப் படத்தில் கோடு போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 50 பாகை. முதுகு நீளமாகத் தெரியவில்லை. விலா முடிந்து இடுப்பெலும்பு தொடங்கும் நடுவில் நான்கு விரல் இடம் இருக்கிறது. தாடைக்குப் பின்னால் இரண்டு விரல் தாராளமாகப் போகிறது. கழுத்தின் அடித்தசை கொஞ்சம் புடைப்புதான்.

பின்னங்கால் நூலுக்குச் சற்று முன்னால் போகிறது, இரண்டு காலும் ஒரே மாதிரி. முன் வலது குளம்பு கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. அந்தக் குளம்பின் உட்பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது. நாற்றம் இல்லை.

நடக்கவிட்டும் பார்த்தேன். தார் ரோட்டில் லாடம் இல்லாமல் நடக்கும்போது சத்தம் கேட்டேன், நாலு அடியும் தனித்தனியாகத்தான் கேட்டது. ஆனால் விற்பவர் சேணத்தில் கை வைத்து வேகமாக ஓடச் சொன்னதும் ஒரு மாதிரி வழுக்கிக்கொண்டு போகிற ஓட்டத்துக்கு மாறியது. அவர் பெருமையாக, "பாருங்க மா, ரவால் போகுது, மேலே உட்கார்ந்தால் தம்ளர் தண்ணி சிந்தாது" என்றார். இது எனக்குக் கவலையா, பெருமையா?


வெண்ணாற்றங்கரை எழுதியது:

அருமையாக அளந்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றாக வருகிறேன். ரவாலைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், அதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

முழங்கை ஸ்டைஃபிளைவிட ஒரு அங்குலம் உயரம் என்பது நல்ல செய்தி. மூன்றரை வயதில் புட்டம் அரை அங்குலம் கூடியிருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். குதிரையின் முதுகெலும்பில் வளர்ச்சித் தட்டுகள் மூடுவதற்கே ஐந்து, ஆறு வயது ஆகிறது. வித்தர்ஸ் இன்னும் ஏறும்.

விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவில் நான்கு விரல் என்றீர்களே, அது எனக்குப் பிடித்தது. பின்னங்காலின் தள்ளலை முன்னால் கடத்துகிற பாலம் அந்த இடுப்புப்பகுதிதான். நீளமாக, பள்ளமாக இருந்தால் குதிரை பின்னங்காலால் எவ்வளவு தள்ளினாலும் அந்தத் தள்ளல் நடுவழியில் கரைந்துபோகும். மிகவும் குட்டையாக இருந்தாலும் முதுகு அசையாமல் விறைத்து, பக்கவாட்டில் வளையச் சிரமப்படும். நடுத்தரம் நல்லது. தோள் 50 பாகை என்பது பிரமாதம் இல்லை, குறையும் இல்லை. படத்தில் அளந்த பாகையை ரொம்பவும் நம்பாதீர்கள், குதிரை காலை ஒரு அடி மாற்றி வைத்தாலே கோணம் மாறும். தோள் சாய்வோடு, தோள் முனையிலிருந்து முழங்கை வரை வரும் மேற்கை எலும்பும் நீளமாக இருந்தால்தான் முன்னங்கால் தோளிலிருந்து திறந்து வீசும். அது குட்டையாகவும் படுத்தும் இருந்தால் முழங்காலை மட்டும் தூக்கித் தூக்கி வைக்கும். பார்க்க அழகு, இடம் கடக்காது.

பின்னங்கால் லேசாக உள்வாங்கியிருப்பது ஒரு இருமுனைச் சங்கதி. ஹாக் கொஞ்சம் மடங்கியிருப்பதால் உட்காருவது எளிது. போர்ச்சுகல், ஸ்பெயின் குதிரைகள் பலவற்றுக்கு மடங்கிய ஹாக்தான், அவை பியாஃபேக்குப் பேர்போனவை. ஆனால் வளைவு அதிகமானால் ஹாக்கின் பின்பக்கத் தசைநார் அழுத்தம் தாங்காது. குச்சி மாதிரி நேராக நிற்கிற பின்னங்காலைவிட லேசான வளைவையே நான் எடுப்பேன். நேரான ஹாக் முதலில் துள்ளலாகத் தெரியும், பாரம் ஏற ஏறக் காலின் பின்னால் போகும் தாங்குநார் அடிபடும்.

இப்போது ரவால். மார்வாரிக்கும் கத்தியவாரிக்கும் இது பிறவிச்சொத்து. ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் ஏறக்குறைய ஒன்றாக நகரும், சவாரிக்காரருக்கு அலுங்காது. பாலைவனத்தில் நாள் முழுக்கப் பயணம் போக அருமையான ஓட்டம். டிரெஸ்ஸாஜ் கேட்பது அது இல்லை. நடைக்கு நாலு தாளம், ட்ராட் என்கிற மிதவேக ஓட்டத்துக்குக் குறுக்குக் கால்கள் ஜோடி சேர்ந்த இரண்டு தாளம், அதைவிட வேகமான கேன்டருக்கு மூன்று தாளமும் அப்புறம் நாலு காலும் தரையைத் தொடாத ஒரு தொங்கலும். பயிற்சிப் படிநிலையில் முதல் படியே தாளம்தான், மற்ற ஐந்தும் அதன் மேல்தான் ஏறும். நடை பக்கவாட்டாகச் சாய்ந்துவிட்டால் நடுவர் பத்துக்கு ஐந்தைத் தாண்டிக் கொடுப்பது கடினம்.

ஆனால் உங்கள் குதிரை அமைதியாக நடக்கும்போது நாலு அடி தனித்தனியாகக் கேட்டது என்கிறீர்கள். அதுதான் எனக்கு வேண்டிய தகவல். அவசரப்படுத்தினால் ரவாலுக்குப் போகிறது, விட்டுவிட்டால் சுத்தமாக நடக்கிறது. யாரும் பிடிக்காமல் வேலி போட்ட இடத்தில் அவிழ்த்துவிட்டுப் பாருங்கள். தானாக ஓடும்போது குறுக்கு ஜோடியில் ட்ராட் போகிறதா? அப்படிப் போனால் ட்ராட் அதன் உடம்பிலேயே இருக்கிறது. கயிற்றில் சின்ன வட்டம் சுற்றவிட்டுப் பார்க்க வேண்டாம், இந்த வயதில் மூட்டுக்கு அது நல்லதில்லை.

நடையையும் இன்னும் ஒருமுறை பாருங்கள். நம் ஊரில் அதற்கு ஒரு வசதி இருக்கிறது. ஆற்று மணல் ஈரமாக இறுகியிருக்கும் இடத்தில் தளர்ந்த கயிற்றில் நடத்திக்கொண்டு போய்த் தடத்தைப் பாருங்கள். பின் குளம்பு முன் குளம்பின் தடத்தைத் தாண்டி விழுகிறதா, எவ்வளவு தாண்டுகிறது? தாண்டவே இல்லை என்றால் முதுகு இறுக்கம், அல்லது எங்காவது வலி. ரொம்ப ரொம்பத் தாண்டுகிற நடையைப் பார்த்தும் மயங்காதீர்கள். அப்படிப்பட்ட பெரிய நடை, நாளைக்குச் சுருக்கச் சொல்லும்போது தாளம் உடைந்து பக்கவாட்டாகிவிடுவது உண்டு. ட்ராட்டைப் பயிற்சியால் நிறைய மேம்படுத்தலாம். நடையும் கேன்டரும் பெரும்பாலும் பிறவியில் வந்த அளவுதான். வாங்குகிறவர்கள் எல்லோரும் ட்ராட்டைப் பார்த்தே காசு கொடுக்கிறார்கள், அது எனக்கு மனசுக்குக் கஷ்டமாகவே இருக்கும்.


மன்னை கால்நடை எழுதியது:

நான் கால்நடை மருத்துவர். முன் வலது குளம்பைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

குளம்பு வெளிப்பக்கம் திரும்பியிருப்பது கணுக்காலிலிருந்தா, முழங்காலிலிருந்தா, தோளிலிருந்தா என்று முதலில் பிரிக்க வேண்டும். முழங்காலும் சேர்ந்து வெளியே பார்க்கிறது என்றால் கால் முழுவதும் மேலிருந்தே திரும்பியிருக்கிறது. இளங்குதிரையில் மார்பு அகலமாகும்போது இது ஓரளவு சரியாகலாம். முழங்கால் நேராகப் பார்த்து, அதற்குக் கீழே மட்டும் திரும்பியிருந்தால் அது இனி மாறாது. கணுக்காலுக்கு மேலுள்ள வளர்ச்சித் தட்டு குட்டி பிறந்த முதல் ஆண்டிலேயே வேலையை முடித்துவிடும், முழங்காலுக்கு மேலுள்ளது இரண்டரை வயது வாக்கில். மூன்றரை வயதில் குளம்பைச் செதுக்கிக் காலை நேராக்குகிறேன் என்று எந்த லாடக்காரராவது சொன்னால் தயவுசெய்து விடாதீர்கள். பார்க்க நேராகும், உள்ளே மூட்டு கோணலாக அழுந்தும். குளம்பு தரையில் சமமாகப் பதியும்படி செதுக்குவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நேர் முன்னாலிருந்து வீடியோ எடுங்கள். திரும்பிய கால் நடக்கும்போது உள்பக்கம் வட்டமடித்து எதிர்க்காலை உரசுகிறதா என்பதுதான் முக்கியம். பக்கவாட்டு அசைவுகளில் கால்கள் குறுக்கே கடந்து போக வேண்டியிருக்கும், அங்கே உரசல் இருந்தால் காயம் நிற்காது.

பணம் கொடுக்கும் முன்பு ஒரு முழுப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்கு அருகிலேயே. காலை மடக்கிச் சிறிது நேரம் பிடித்துவிட்டு உடனே ஓடவிட்டுப் பார்ப்பது, ஹாக், ஸ்டைஃபிள், கணுக்கால் மூட்டுகளுக்கு எக்ஸ்ரே, இதயத்துடிப்பு, கண், பல் எல்லாம். பல்லைப் பார்த்தால் வயதும் தெரிந்துவிடும். மூன்றரை என்று சொல்லப்படும் குதிரைகளில் இரண்டரையும் உண்டு, ஐந்தும் உண்டு. நீங்கள் போட்டிருக்கும் கணக்கு முழுவதும் வயதை நம்பித்தான் நிற்கிறது. காயடிப்பதையும் அப்போதே பேசிவிடலாம். இனவிருத்திக்கு வைக்கப் போவதில்லை என்றால் அதுதான் அதற்கும் உங்களுக்கும் நிம்மதி.


கரிகாலன் குளம் எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்து. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் நம் அணி டிரெஸ்ஸாஜில் தங்கம் வாங்கியது. 1982 டெல்லிக்குப் பிறகு குதிரையேற்றத்தில் நமக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அடுத்த ஆண்டே பாரிஸ் ஒலிம்பிக்கில் அனுஷ் அகர்வாலா டிரெஸ்ஸாஜில் இறங்கினார், இந்தியாவிலிருந்து அந்தப் பிரிவுக்குப் போன முதல் ஆள் அவர். ஆனால் எல்லோரும் ஏறியது ஐரோப்பாவில் வளர்த்த வார்ம்பிளட் குதிரைகளில். பல தலைமுறையாக இதே வேலைக்கென்றே தேர்ந்தெடுத்துப் பெருக்கிய இனம். பதினான்கரைக் கை மார்வாரிக் கலப்பில் அளவெடுத்து, நூல் பிடித்துப் பார்ப்பதில் கடைசியில் என்ன பலன்? அந்தக் காசைச் சேர்த்துவைத்து, பந்தய மைதானத்திலிருந்து ஓய்வு பெறும் ஒரு தரோபிரெட்டை வாங்கினால் உயரமாவது கிடைக்கும்.


கொள்ளிடம் மணல் எழுதியது:

உயரம் மதிப்பெண் தாளில் எங்கேயும் இல்லையே. டிரெஸ்ஸாஜில் உலகச் சாதனை வைத்திருக்கும் வலேக்ரோ என்ற வார்ம்பிளட்டே அந்தக் கூட்டத்தில் பெரிய குதிரை இல்லை. 2014 டிசம்பரில் லண்டனில் ஃப்ரீஸ்டைல் என்கிற இசைப் பிரிவில் 94.3 சதவீதம் எடுத்தது கச்சிதமான, உருண்ட உடம்புள்ள அந்தக் குதிரைதான்.


வெண்ணாற்றங்கரை எழுதியது:

கரிகாலன் குளம் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். உலக அளவில் ஜெயிக்க வார்ம்பிளட்தான் வேண்டும். ஆனால் தங்கச்சி கேட்டது அது இல்லை. தன் கையாலேயே ஒரு இளங்குதிரையைப் பழக்கி, அது உடம்பு நோகாமல் வேலை செய்கிற அளவுக்குக் கொண்டுபோக ஆசைப்படுகிறார். அதற்கு உடலமைப்பு பார்ப்பது ஜெயிப்பதற்காக மட்டும் இல்லை. தன்னால் முடியாத வேலையைக் குதிரையிடம் கேட்டுக் கேட்டு அதன் முதுகையும் காலையும் கெடுத்துவிடாமல் இருப்பதற்காகவும்தான். வார்ம்பிளட் வைத்திருக்கிறவருக்குக் குதிரையே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடும். நம்மிடம் இருக்கும் கலப்புக் குதிரைகளுக்குத்தான் இந்த அளவும் நூலும் அதிகம் தேவை.

ஓய்வு பெற்ற தரோபிரெட் நல்ல யோசனைதான். ஆனால் பல தரோபிரெட்டுகள் இறங்குமுகக் கட்டு, வேகத்துக்காக முன்னால் சாய்ந்த உடம்பு. இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்கிய மூட்டுகளோடு வரும். தேடினால் நல்லது கிடைக்கும், தேட வேண்டும்.

ஏறுகிறவர் எடையையும் பாருங்கள். சவாரியும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. இந்த உயரத்தில் ஒரு மெல்லிய குதிரை 350 கிலோ வாக்கில் இருக்கும் என்றால் 70 கிலோவுக்குள் எல்லாம் அடங்க வேண்டும்.


எல்கைக்காரன் எழுதியது:

கல்யாண ஊர்வலத்துக்கு ஆடுகிற குதிரை ஒன்று எங்கள் பக்கத்து ஊரில் இருக்கிறது. நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி ஆடும். நீங்கள் சொல்கிற பியாஃபேயும் அதுவும் ஒன்றுதானே? அப்படியென்றால் அதையே டிரெஸ்ஸாஜுக்குக் கொண்டுபோகலாமே? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன் அண்ணே.


வெண்ணாற்றங்கரை எழுதியது:

நல்ல கேள்வி தம்பி, பலருக்கும் இருக்கும் சந்தேகம். அடுத்த முறை அது ஆடும்போது முன்னங்காலைப் பார்க்காதீர்கள், புட்டத்தைப் பாருங்கள். பியாஃபேயில் புட்டம் தாழும், ஹாக் மடங்கும், முதுகு உயரும், பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் வந்து பாரத்தை வாங்கிக்கொள்ளும். கால்கள் குறுக்கு ஜோடியாகவே மாறும். ஊர்வலக் குதிரையில் பெரும்பாலும் தலை வானத்தைப் பார்க்கும், முதுகு குழியும், முன்னங்கால் மட்டும் உயரமாகத் துள்ளும், பின்னங்கால் பின்னாலேயே நின்று மிதிக்கும். கயிற்றை இழுத்துக் கட்டிக் குச்சியைக் காட்டிப் பழக்கினால் அப்படித்தான் வரும். அந்தக் குதிரைக்கும் திறமை இருந்திருக்கலாம், வேறு கையில் கிடைத்திருந்தால் சரியாக உட்காரவே கற்றிருக்கலாம். ஆனால் முதுகு குழிந்து பழகிய குதிரையைத் திருத்துவது புதுக்குதிரையைப் பழக்குவதைவிடப் பல மடங்கு வேலை.

தங்கச்சியின் குதிரையில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான், இன்னும் யாரும் அதை ஆடப் பழக்கவில்லை.


அரசலாறு எழுதியது:

கொள்ளிடக்கரைக்குக் கொண்டுபோக முடியவில்லை அண்ணே, ஆனால் பக்கத்து வாய்க்காலில் மணல் திட்டு இருந்தது. தளர்ந்த கயிற்றில் நடத்தியபோது பின் குளம்பு முன் தடத்தை நான்கு, ஐந்து அங்குலம் தாண்டி விழுந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவு. அறுவடை முடிந்து வேலி போட்ட வயலில் அவிழ்த்துவிட்டார்கள். முதலில் பாய்ந்தோடிவிட்டு, அடங்கியதும் நீங்கள் சொன்னது போலவே குறுக்கு ஜோடியில் ட்ராட் போனது, முதுகும் அசைந்தது. கேன்டரில் வலப்பக்கம் சுலபமாகப் போனது. இடப்பக்கம் திரும்பும்போது பின்னங்காலை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டது, பிறகு தானே சரிசெய்துகொண்டது. தலையைத் தாழ்த்திக்கொண்டு மேய்ந்தபோது அந்த மயில் கழுத்து காணாமலே போய்விட்டது, ஆனால் அப்போதுதான் எனக்குக் குதிரை முன்பைவிடப் பிடித்தது.

டாக்டர் சொன்னபடி முன்னாலிருந்து வீடியோ எடுத்தேன். முழங்காலும் சேர்ந்தே கொஞ்சம் வெளியே பார்க்கிறது, உரசவில்லை.


மன்னை கால்நடை எழுதியது:

வீடியோ பார்த்தேன். மேலிருந்தே திரும்பியிருக்கிறது, என் கவலை பாதி குறைந்தது. குளம்பின் தேய்மானத்தை நாலு, ஆறு வாரத்துக்கு ஒருமுறை சமப்படுத்திக்கொண்டே வந்தால் போதும். இடப்பக்கக் கேன்டரில் பின்னங்கால் மாறுவது இந்த வயதில் சமநிலைக் குறைவாகவும் இருக்கலாம், ஸ்டைஃபிளிலோ இடுப்பிலோ ஏதாவது சிறு வலியாகவும் இருக்கலாம். பரிசோதனையின்போது இதை மறக்காமல் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் இடது பின்னங்காலை விட்டுவிடாதீர்கள்.


வெண்ணாற்றங்கரை எழுதியது:

என் கருத்தைக் கேட்டால்: எக்ஸ்ரே சுத்தமாக வந்தால் வாங்குங்கள். கட்டுக் கச்சிதம், நடை சுத்தம், இடுப்பு பலம். குறை என்று பார்த்தால் கழுத்தின் அடித்தசை, அவசரப்பட்டால் ரவாலுக்கு ஓடும் பழக்கம், லேசாக வளைந்த ஹாக். முதலிரண்டும் நீங்கள் பழக்குகிற விதத்தில் இருக்கிறது. இந்த வருடம் ஏறவே வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். கையில் பிடித்து நீண்ட நடை, ஆற்றங்கரை மேட்டில் ஏறி இறங்குவது, தலையை நீட்டித் தாழ்த்தி நடக்கக் கற்றுக்கொடுப்பது. ட்ராட்டை அவசரப்படுத்தாதீர்கள், மெதுவான ட்ராட்டிலிருந்தே தாளத்தை உறுதி செய்யுங்கள். எக்ஸ்ரேயில் ஹாக்கிலோ ஸ்டைஃபிளிலோ ஏதாவது தென்பட்டால், கழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.


எல்கைக்காரன் எழுதியது:

ஒரத்தநாட்டுக்குக் கொண்டுபோக வண்டி தேவைப்பட்டால் சொல்லுங்கள் தங்கச்சி. என் டெம்போவில் குதிரை ஏற்றப் பலகை போட்டிருக்கிறேன், அடியில் ரப்பர் விரித்திருக்கிறேன், வழுக்காது. காலை வெயில் ஏறும் முன்பு கிளம்பினால் நல்லது. விற்பவரிடம் நானே பேசுகிறேன், பரிசோதனைக்குக் கொண்டுபோக அவர் மறுக்க மாட்டார். மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில்.


அரசலாறு எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணே, கட்டாயம் உங்கள் வண்டியில்தான். சித்தப்பாவும் கூட வருகிறேன் என்கிறார். எக்ஸ்ரே முடிந்ததும் படங்களை இங்கேயே போடுகிறேன், டாக்டரும் பார்த்துச் சொல்லுங்கள்.